தண்டையார்பேட்டையிலிருந்து காசிக்கு: 1830ல் ஒரு குடும்பப் பயணம்

தண்டையார்பேட்டை என்றதும் நம் நினைவுக்கு வருபவை துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள், எண்ணெய்க் கிடங்குகள், தொற்றுநோய் மருத்துவமனை. இராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கே நீளும் அந்தக் கரையோரத்தைச் சரக்கு போகும் வழியாகவே நாம் அறிவோம். மலைகளையும் ஏரிகளையும் பெருங்காடுகளையும் கடந்து, வீட்டாரோடும் கூடாரங்களோடும் ஒருவர் சென்ற நெடும்பயணத்தின் தலைவாசலும் அதுதான் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அந்தப் பயணத்தைப் பற்றிய நூல் ஒன்று உண்டு. அது தெலுங்கில் இருக்கிறது. தமிழில் பயண இலக்கியம் பற்றிப் பேசும்போது அது நம் கண்ணில் படாமல் போனதற்கு அதுவே முதற்காரணம்.

ஏனுகுல வீராசாமி சென்னை சுப்ரீம் கோர்ட்டில் தலைமை மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கம்பெனி ஆட்சியில் 1801ல் அமைந்த நீதிமன்றம் அது. இளமையிலேயே தந்தையை இழந்து, சிறு வயதிலேயே அரசு அலுவலகங்களில் வேலை பழகி, தெலுங்கு, தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தேர்ந்தவர். நீதிபதிகளிடம் விடுப்பு பெற்று, 18 மே 1830, செவ்வாய்க்கிழமை அவர் காசிக்குப் புறப்பட்டார். தண்டையார்பேட்டை, மாதவரம் வழியாகத் திருப்பதி நோக்கி முதல் நாட்களின் பயணம் அமைந்தது. குடும்பத்தார், உறவினர், பணியாளர், பல்லக்குத் தூக்குவோர், சுமை எடுப்போர் எல்லாருமாக ஏறக்குறைய 100 பேர் உடன் சென்றனர். திரும்பி வந்தது 3 செப்டம்பர் 1831ல். இடைப்பட்ட பதினைந்தரை மாதங்களில் அவர் வழியிலிருந்து எழுதியவற்றை அவருடைய நண்பர் கோமளீஸ்வரன்பேட்டை சீனிவாசப் பிள்ளை பாதுகாத்து வைத்திருந்தார். வீராசாமி 1836ல் காலமானார். சீனிவாசப் பிள்ளை 1838ல் அவற்றை 'காசி யாத்திரை சரித்திரம்' என்ற பெயரில் நூலாக்கினார். பின்னாளில் பச்சையப்பன் அறக்கட்டளையிலும் கல்விப் பணியிலும் பெயர் பெற்ற அதே சீனிவாசப் பிள்ளைதான் அவர்.

அந்த 1838ஆம் ஆண்டிலேயேதான் குணங்குடி மஸ்தான் சாகிபும் மறைந்தார். தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியிலிருந்து வந்து, இராயபுரத்துப் புதர்க்காட்டில் தங்கியிருந்த சூஃபிக் கவிஞர். தொண்டியாரின் பெயராலேயே தண்டையார்பேட்டை என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள். வீட்டைத் துறந்து ஒருவர் வந்து அமர்ந்த அதே பகுதியிலிருந்து, வீட்டையே தூக்கிக்கொண்டு இன்னொருவர் புறப்பட்டிருக்கிறார். இருவரும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் 1830களின் வடசென்னை எப்படிப்பட்ட மனிதர்களுக்கு இடம் தந்தது என்பதை இந்த அக்கம்பக்கம் காட்டுகிறது.

வீராசாமி சென்ற வழியை இன்றைய வரைபடத்தில் தொடர்ந்து பார்த்தால் வியப்பு ஏற்படுகிறது. திருப்பதி, கடப்பை, அகோபிலம், ஸ்ரீசைலம், ஹைதராபாத், நிர்மல், நாக்பூர், ஜபல்பூர், மிர்ஸாபூர், பிரயாகை, காசி. திரும்பும்போது கயை, கல்கத்தா, பூரி, கஞ்சம், இராஜமகேந்திரவரம், நெல்லூர் என்று கிழக்குக் கரையோரம். அகோபிலத்துக்கும் ஸ்ரீசைலத்துக்கும் இடையே அவர் கடந்த நல்லமலைக் காடு இன்று நாகார்ஜுனசாகர்-ஸ்ரீசைலம் புலிகள் காப்பகத்துள் அடங்குகிறது. நாக்பூருக்கும் ஜபல்பூருக்கும் இடைப்பட்ட காட்டுப் பகுதியில் இப்போது பெஞ்ச் தேசியப் பூங்கா இருக்கிறது. பூரிக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் சிலிகா ஏரி 1981ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த முதல் இந்திய நீர்நிலைகளுள் ஒன்று. சென்னைக்கு வடக்கே, இந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் வரும் பழவேற்காடு ஏரியும் 1980ல் பறவைகள் சரணாலயமாயிற்று. இன்று ஒரு குடும்பம் காரில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு மலை, ஏரி, தேசியப் பூங்கா என்று விடுமுறைப் பயணம் வகுத்தால் பெரும்பாலும் இந்த வழியில்தான் போக நேரும்.

ஆனால் வீராசாமி பார்த்ததும் நாம் பார்ப்பதும் ஒன்றல்ல. இந்த நூலைப் படிக்கப் புகுபவர் முதலில் அடையக்கூடியது ஏமாற்றம்தான். இயற்கை வருணனையை எதிர்பார்த்துப் போனால் கிடைப்பது இதுதான்: இந்த ஊருக்கு இவ்வளவு தூரம், வழியில் இத்தனை ஆறுகள், கடைகள் உண்டு அல்லது இல்லை, தண்ணீர் நல்லது அல்லது கெட்டது, இறங்கத் தோப்பு இருக்கிறது, சத்திரம் இருக்கிறது, இந்தப் பாதை கல்லும் முள்ளும். வழிப்போக்கர் தங்கும் இடத்தை முசாபர்கானா என்று குறிப்பிடுகிறார். எங்கே எந்த நாணயம் செல்லும், எந்த அளவையில் தானியம் அளப்பார்கள், எந்த ஊரில் என்ன மொழி பேசுகிறார்கள் என்பவற்றுக்கும் இடம் உண்டு. நூறு பேருக்கு அன்றாடம் உலை வைக்க வேண்டிய ஒரு குடும்பத் தலைவரின் கண் அது. ஏரி என்றால் அவருக்கு முதலில் குடிநீர், பிறகு குளியல். காடு என்றால் விறகும் நிழலும், அத்தோடு அச்சமும்.

அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஜபல்பூர் வட்டாரத்தில் வில்லியம் ஸ்லீமன் தக்கர்களைப் பிடிக்கும் நடவடிக்கையை முடுக்கிவிட்டிருந்த காலம் அது. வழிப்போக்கரோடு நட்பாகப் பேசிச் சேர்ந்து நடந்து, தக்க இடத்தில் கழுத்தை நெரித்துப் பொருளைக் கொள்ளையடிக்கும் கூட்டங்களைப் பற்றி 1830 அக்டோபரில் அவர் பெயரிடாமல் எழுதிய கடிதம் கல்கத்தா இதழொன்றில் வெளிவந்தது. விந்தியாசலத்துக் கோயிலைப் பற்றிய கடிதம் அது. விந்தியாசலம் இருப்பது வீராசாமியின் பாதையிலிருந்த மிர்ஸாபூருக்குப் பக்கத்தில். நூறு பேர் சேர்ந்து போனதை வசதிக்காகவோ ஆடம்பரத்துக்காகவோ என்று மட்டும் கொள்ள முடியாது. தனியாகப் போகிறவன் திரும்பி வராமல் போகக்கூடிய சாலை அது.

ஸ்ரீசைலப் பகுதி இந்நூலின் சிறந்த பகுதிகளுள் ஒன்று. ஆத்மகூர்ப் பக்கத்திலிருந்து நல்லமலையில் ஏறும் பாதையில் பெத்தசெருவு என்றோர் இடம் வரும். பெரிய ஏரி என்பதே அதன் பொருள். மலைக்காட்டின் நடுவே யாத்திரிகர் தங்கி இளைப்பாறும் நீர்நிலை. அந்தக் காட்டின் குடிகள் செஞ்சுக்கள். அன்று ஸ்ரீசைலம் கர்நூல் நவாபின் ஆட்சிக்குள் இருந்தது. யாத்திரிகரிடம் வரி வாங்கும் நவாப் கோயிலுக்கோ பாதைக்கோ எதுவும் செய்யவில்லை என்று வீராசாமி குறைப்படுகிறார். இதைச் சமயப் பகைமையாக மட்டும் வாசித்துவிடக் கூடாது. திருப்பதியின் வருமானம் அன்று கம்பெனியின் கருவூலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பிரயாகை, கயை, பூரி ஆகிய இடங்களிலும் கம்பெனியே யாத்திரிகரிடம் வரி வாங்கியது. அது 1840ல்தான் சட்டத்தின் மூலம் நீங்கியது. பக்தியும் காடும் மலையும் ஆட்சியாளர் அனைவருக்கும் ஒரு வருவாய் இனமாக இருந்த காலம். நீதிமன்றத்தில் கணக்கும் ஆவணமும் பார்த்துப் பழகிய கண் அதைத் தவறவிடவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அவருடைய உலகம் சாதி ஒழுங்கில் உறுதியாக நின்ற உலகம். எந்த ஊரில் எந்த வகை அந்தணர் என்ன ஆசாரம் பார்க்கிறார் என்பதை அவர் அக்கறையோடு குறித்துக்கொள்கிறார். அதே அக்கறை அவரைத் தோளில் சுமந்தவர்களின் பெயர்கள்மீது இல்லை. நெடும்பயணத்தில் ஒரு பல்லக்குக்கு மாற்றாள் உட்பட எட்டுப் பேருக்குக் குறையாமல் வேண்டும். அவர்களைப் போயிகள் என்று தெலுங்கில் சொல்வார்கள். மே மாதத்தில் புறப்பட்டதால் தக்காணத்தின் கரிசல் மண்ணை அவர்கள் மழைக்காலத்தில் கடந்தாக வேண்டியிருந்தது. முழங்கால் சேற்றில் பல்லக்கைத் தாங்கி நடந்தவன் அந்தச் சாலையைப் பற்றி எழுதியிருந்தால், ஊர்களின் தூரம் வேறு அளவையில் இருந்திருக்கும். 

இதற்கு நூறாண்டு கழித்துச் சென்னையிலிருந்து போன இன்னொரு பயணம் இங்கே நினைவுக்கு வருகிறது. 1934ல் பாரதிதாசன் நண்பர்களோடு பக்கிங்காம் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் சென்றார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அதன் விளைவு. உல்லாசப் பயணமாகத் தொடங்கும் அந்தக் கவிதையில் கவிஞரின் பார்வை படகைக் கயிறு கட்டி இழுக்கும் மனிதர்கள்பால் திரும்புகிறது. போகிறவனின் கண் தன்னைக் கொண்டுபோகிறவனைப் பார்ப்பதற்கு, நம் எழுத்தில் ஒரு நூற்றாண்டு ஆகியிருக்கிறது. அந்தக் கால்வாயின் தொடக்கமும் வடக்கேதான். பேசில் காக்ரேன் 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய், பின்னர் பழவேற்காட்டுக்கும் அப்பாலும் நீண்டு, 1870களின் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்களின் உழைப்பால் நகரத்தின் ஊடாகத் தெற்கையும் இணைத்தது.

வீராசாமி நடு இந்தியாவில் இருந்த நாட்களில், 1830 செப்டம்பரில், இங்கிலாந்தில் லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. அவர் திரும்பி வந்து 25 ஆண்டுகள் கூட நிறையவில்லை. 1 ஜூலை 1856ல், தண்டையார்பேட்டைக்கு எட்டிய தொலைவில் உள்ள இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. 1899ல் வடக்கேயும் பாதை திறந்தது. எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி எல்லாம் ஜன்னலில் ஓடி மறையும் நிலையங்களாயின. அதன் பிறகு காசிக்குப் போனவர்கள் எழுதிய குறிப்புகளில் புறப்படும் இடமும் சேரும் இடமும்தான் இருக்கும். நடுவில் இருந்த நாடு இரவு உறக்கத்தில் கழிந்தது. நடந்துபோன தலைமுறையின் நூல் என்பதால்தான், எந்த ஊரில் தண்ணீர் உப்பு என்பது வீராசாமிக்குத் தெரிந்திருந்தது.

இந்நூல் நமக்கு ஏன் தெரியாமல் போயிற்று? திகவல்லி வெங்கட சிவராவ் 1941ல் விரிவான குறிப்புகளோடு மறுபதிப்புக் கொண்டுவந்தார். 1973ல் சீதாபதி, புருஷோத்தம் ஆகியோரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது. தெலுங்கு உரைநடை வரலாற்றில் இந்நூலுக்கு உரிய இடம் உண்டு. இடையே 1953ல் ஆந்திர மாநிலம் பிரிந்தது. 'மதராஸ் மனதே' என்ற முழக்கத்துக்கும் அதற்கு எழுந்த எதிர்முழக்கத்துக்கும் நடுவே நகரம் நமக்கு வந்தது. நூல் அவர்களுக்குப் போயிற்று. சென்னப்பட்டணம் உருவான கதையையும் அதன் அன்றைய நிலையையும் சொல்லும் பகுதி கூட அந்த நூலில் இருக்கிறது. ஆனால் பயண இலக்கியம் என்றதும் நாம் ஏ.கே.செட்டியாரிடம் போவோம், சோம.லெ.யிடம் போவோம், 'நடந்தாய் வாழி காவேரி'யிடம் போவோம். அவர்களுக்கெல்லாம் மூத்தவரும் இந்த நகரத்துக்காரருமான ஒருவரிடம் போவதில்லை. நகரத்தை மொழிவாரியாகப் பிரித்துவிடலாம். அதன் நினைவை அப்படிப் பிரித்தால், இருதரப்புக்கும் பாதிப் பாதிதான் மிஞ்சும்.

இழப்பு நூலோடு முடியவில்லை. தொலைவில் இருக்கும் நல்லமலையையும் பெஞ்சையும் சிலிகாவையும் காக்க வேண்டிய இடங்கள் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறோம்; அது நல்லதே. அந்தப் பாதையின் இந்த முனையில் இருக்கும் நீர்நிலைகளுக்கு என்ன நேர்ந்தது? எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரியில் துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதியபோது கரையெல்லாம் எண்ணெய், வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மீண்டும் அதே கழிமுகத்தில் எண்ணெய். அங்கே கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கும் குப்பத்து மீனவர்களுக்கும் அந்த நீர் காட்சிப் பொருளன்று. வீராசாமிக்கு வழிநெடுகிலும் நீர்நிலைகள் எப்படித் தெரிந்தனவோ அப்படித்தான் அவர்களுக்கும் தெரியும்: இன்றைய உணவு, இன்றைய தண்ணீர். பார்த்து ரசிக்க நாம் போகும் ஏரிக்குக் கிடைத்த பாதுகாப்பு, பிழைப்பதற்காக மனிதர்கள் இறங்கும் ஏரிக்குக் கிடைக்கவில்லை.

நூறு பேரும் ஆற்றையும் காட்டையும் கடந்து கிழக்குக் கரையோரமாக ஊர் திரும்பிய அந்த வடக்குவழியில் இன்று லாரிகள் நிற்கின்றன. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ரயில் நிலத்துக்கு அடியில் போகிறது. நிலையத்திலோ அருகிலோ வீராசாமியின் பெயரை ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறது. அதைவிட முதலில் ஆக வேண்டியது, மூல நூலை முழுமையாக, நல்ல குறிப்புகளோடு, இன்றைய தமிழில் கொண்டுவருவது. இரு மொழியும் அறிந்தவர்கள் வடசென்னையில் இன்னும் ஏராளம். அவர்களில் ஒருவர் இந்த வேலையைக் கையில் எடுத்தால், காசிக்குப் போன அந்தக் குடும்பம் சொந்த ஊருக்குத் திரும்பி வந்ததாகக் கொள்ளலாம்.