செம்பனைக்கு வந்த சிறுவண்டு

வண்டு என்னும் சொல் கெடா மாநிலத் தமிழர்க்கு இனித்ததில்லை. நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற அம்மாநிலத்திலும் அரிசியைத் துளைக்கும் கூன்வண்டை முறத்தில் புடைத்து நீக்காத இல்லம் அரிது. தென்னங்குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டோ தோட்டங்களின் தீராப் பகை. ஆயினும், கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரங்களில் பால்மரத்தின் இடத்தைப் பிடித்த செம்பனைக்குக் காய்வளம் தந்ததும் ஒரு கூன்வண்டே.

செம்பனை ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றுகள் நடப்பட்டன. 1917-இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அது வாணிகப் பயிராயிற்று. மரம் கடல் கடந்தது. அதன் பூவில் வாழ்ந்த வண்டு கடக்கவில்லை. காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது என அறிஞர் நம்பியமையால், குறை இன்னதெனப் புலப்படவில்லை. காய்ப்புக் குன்றிய தோட்டங்களில் தொழிலாளர் மரந்தோறும் சென்று, ஆண்பூத் தூளை டால்கம் பொடியுடன் கலந்து பெண்பாளையில் ஊதினர். ஒரே நாளில் எல்லாப் பாளையும் மலர்வதில்லை. ஆதலின் அவ்வேலைக்கு ஓய்வும் இல்லை.

கேமரூனில் பாளைகளைப் பூச்சிகள் மொய்த்திருக்கக் கண்ட யூனிலீவர் தோட்ட நிருவாகி லெஸ்லி டேவிட்சனுக்குக் காற்றின்மேல் ஐயம் பிறந்தது. எழுபதுகளின் இறுதியில் பூச்சியியலார் ஆர். ஏ. சையத் அங்கு ஆராய்ந்து அவ்வையத்தை உறுதிசெய்தார். பகுப்பியலின் பயன் ஈண்டுதான் விளங்கும். எலைடோபியஸ் என்னும் பேரினத்தில் உருவால் ஒத்த சிற்றினங்கள் பல, பழக்கங்களோ வேறு. மழையிலும் வறட்சியிலும் தளராத 'கமெருனிக்கஸ்' தேர்வு பெற்றது. வாடிய ஆண்பாளையே அதன் தொட்டில். அதே சோம்பு மணத்தைப் பெண்பாளையும் வீசுவதால் வண்டு ஏமாந்து சென்று, தன் மேனித் தூளை அங்கே உதிர்த்துத் திரும்புகிறது. இத்துணை நேர்த்தியான ஏமாற்று வேலை மனிதருள்ளும் அரிது!

பிற பயிர்களுக்கு ஊறு செய்யாது எனச் சோதித்த பின்னரே, 1981 பிப்ரவரியில் ஜொகூரின் குளுவாங் பகுதியில் அது விடப்பட்டது. ஓரிரு ஆண்டுகளில் தீபகற்பமெங்கும் பரவிற்று. பாதியளவே பிடித்த காய் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டிற்று. பருப்பின் விளைச்சலும் பெருகியது.

முதலாளிகளின் கணக்கேட்டில் இது பேரூதியம். பொடிக்குடுவை ஏந்திப் பாளை தேடி அலைந்த தொழிலாளர்க்கோ ஒரு வேலை மறைந்தது. வண்டுக்கு ஆய்வேடுகளில் பெயரும் இனமும் எழுதப்பட்டுள்ளன. அவ்வேலையை அதற்குமுன் செய்தவர்களின் பெயர்கள் தோட்டத்துச் செக்ரோல் ஏட்டுக்கு வெளியே எங்கும் பதிவாகவில்லை.