‘சந்தோஷமா இருப்பது எப்படி?’ - 1,200 மாணவர்கள் மொய்த்த வகுப்பு சொல்லும் 5 பாடங்கள்!

‘நல்ல மார்க் வந்துட்டா போதும்’, ‘கேம்பஸ்ல வேலை கிடைச்சுட்டா போதும்’, ‘அந்த போனை மட்டும் வாங்கிட்டா போதும்...’ - இப்படி சந்தோஷத்தை அடுத்த மாசத்துக்கும் அடுத்த வருஷத்துக்கும் தள்ளிவைக்கிற ஆளா நீங்க? அப்போ இந்தப் பாடம் உங்களுக்குத்தான்!

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2018 ஜனவரியில் ‘சைக்காலஜி அண்டு த குட் லைஃப்’ என்ற வகுப்பு ஆரம்பமானது. சேர்ந்தவர்கள் கிட்டத்தட்ட 1,200 பேர். அங்கே இளநிலை படிக்கும் மாணவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர்! இடம் போதாமல், இசைக் கச்சேரிகள் நடக்கும் வூல்ஸி ஹாலுக்கே வகுப்பை மாற்ற வேண்டியதாயிற்று.

வகுப்பெடுத்தவர் உளவியல் பேராசிரியர் லாரி சான்டோஸ். மாணவர்கள் தங்கிப் படிக்கும் சில்லிமன் கல்லூரியின் தலைவராக வளாகத்திலேயே குடியிருந்த அவர், மாணவர்களின் பதற்றத்தையும் மன அழுத்தத்தையும் பக்கத்திலிருந்து பார்த்தார். பலரும் ஏங்கும் இடத்தில் சீட் கிடைத்தும் ஏன் இந்த நிலை? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்த வகுப்பு.

1. மனசு தப்புக் கணக்கு போடும்

‘இது கிடைச்சா லைஃப் செட்டில்’ என்று நாம் நினைப்பது பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. 1978-ல் வெளியான ஓர் ஆய்வில், லாட்டரியில் பெரும் தொகை வென்ற 22 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். வென்றவர்கள் அப்படியொன்றும் கூடுதல் சந்தோஷத்தில் இல்லை. அன்றாடச் சின்னச் சின்ன விஷயங்களில் கிடைக்கும் மகிழ்ச்சி அவர்களுக்குக் குறைந்துதான் போயிருந்தது. எந்தப் புதுசும் சீக்கிரமே பழகிவிடும். உங்க பழைய போனும் ஒரு நாள் புது போன்தானே?

2. ஒப்பீடு, சந்தோஷத் திருடன்

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் வைத்து ஆராய்ந்தார்கள். வெள்ளி வென்றவர்களைவிட வெண்கலம் வென்றவர்களே அதிக மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரர் ‘தங்கம் போச்சே’ என்று மேலே பார்க்கிறார். வெண்கலக்காரர் ‘அப்பாடா, பதக்கம் வந்துச்சே’ என்கிறார். இன்ஸ்டாவில் ஸ்க்ரோல் பண்ணும்போது நீங்க எந்தப் பக்கம் பார்க்கிறீங்க?

3. மனுஷங்க முக்கியம் பாஸ்!

2008-ல் வெளியான ஒரு கனடா ஆய்வில், சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்து அன்று மாலைக்குள் செலவு செய்யச் சொன்னார்கள். தனக்காகச் செலவழித்தவர்களைவிட அடுத்தவருக்காகச் செலவழித்தவர்களே அதிக சந்தோஷமாக இருந்தார்கள். தொகை 5 டாலரா, 20 டாலரா என்பது பெரிய வித்தியாசத்தைத் தரவில்லை. ஸோ, நண்பனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுப்பதும் நல்ல முதலீடுதான்!

4. அழுகை வந்தா அழுங்க

‘எப்பவும் சிரிச்சுட்டே இருக்கணும்’ என்பது இந்தப் பாடத்தின் நோக்கமே இல்லை. கோபம், பயம், சோகம் எல்லாம் வண்டியில் எரியும் சிவப்பு விளக்கு மாதிரி. அதன் மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சா, வண்டி நடுரோட்டில் நிற்கும். மாறாக, ‘எனக்கு இப்போ பொறாமையா இருக்கு’, ‘ரிசல்ட்டை நினைச்சு பயமா இருக்கு’ என்று உணர்வுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள். அப்படிப் பெயர் வைக்கும்போது, மூளையில் பயத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதியின் பரபரப்பு குறைகிறது என்கிறது 2007-ல் வெளியான ஓர் ஆய்வு.

இந்த விளக்கு சான்டோஸுக்கும் எரிந்தது. வேலைப் பளுவால் சோர்ந்துபோய், 2022-ல் ஓராண்டு விடுப்பு எடுக்கப்போவதாக வெளிப்படையாக அறிவித்தார். சந்தோஷத்துக்குப் பாடம் எடுப்பவருக்கே ரெஸ்ட் தேவைப்படுகிறது. உங்களுக்குத் தேவைப்பட்டால் அதில் என்ன வெட்கம்?

சோகம் வாரக்கணக்கில் நீடித்து தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டுப்போனால், தனியாகச் சமாளிக்க நினைக்காதீர்கள். வீட்டில் யாரிடமாவது பேசுங்கள், மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் ‘டெலி மானஸ்’ உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம்.

5. தெரிஞ்சா மட்டும் பத்தாது

இதுதான் மிக முக்கியமான பாடம். நீச்சல் வீடியோ பார்த்தால் நீச்சல் வந்துவிடுமா? அதனால்தான் இந்த வகுப்பில் வீட்டுப்பாடமே வித்தியாசமாக இருந்தது. நன்றி சொல்லத் தோன்றும் விஷயங்களை எழுதிவைப்பது, ரசித்துச் சாப்பிடுவது, நன்றாகத் தூங்குவது, உடற்பயிற்சி செய்வது, யாருக்காவது உதவுவது... இவைதான் ஹோம்வொர்க்!

இதன் ஆன்லைன் வடிவம் ‘த சயின்ஸ் ஆஃப் வெல்பீயிங்’ என்ற பெயரில் கோர்ஸெரா தளத்தில் இருக்கிறது. அதற்கு முன்னால் இன்று ராத்திரியே ஒன்றை ஆரம்பிக்கலாம். படுக்கும் முன் இன்றைக்கு நடந்த மூன்று நல்ல விஷயங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அப்புறம் போனை எட்ட வைத்துவிட்டுத் தூங்குங்கள். ரீல்ஸ் எங்கேயும் போயிடாது மக்களே!