கப்பல் ஏறினாலும் கிஸ்தி கரையிலேயே நிக்கும்

தம்பி மகன் அடுத்த மாசம் சிங்கப்பூர் போறான். பாஸ்போர்ட், விசா, வேலைக் கடுதாசி எல்லாம் பையில ஏறிடுச்சு. "உன் பங்கு நிலத்துக்கு வரி யாருடா கட்டுவா?"ன்னு கேட்டேன். "அது ரெண்டு பேரு டீ குடிக்கிற காசு, பெரியப்பா"ன்னு சிரிச்சான். தொகை சின்னதுதான். அதுக்குப் பின்னால இருக்கிற கதை பெருசு.

தாமஸ் மன்றோ 1820-லிருந்து 1827 வரை சென்னை மாகாணத்துக்கு கவர்னரா இருந்தார். ரயத்துவாரி முறை வேர் பிடிச்சது அவர் காலத்துலதான். ஜமீன் இல்லாத ஊர்கள்ல பட்டாவுல பேர் உள்ளவனே சர்க்காருக்கு நேரா கிஸ்தி கட்டணும். 1864-ல வருவாய் வசூல் சட்டம் வந்தது. நிலமும் விளைச்சலுமே வரிக்கு ஈடு. பாக்கி விழுந்தா விளைச்சலை ஜப்தி பண்ணலாம், நிலத்தை ஏலம் விடலாம். பட்டாதாரர் பினாங்குல இருக்காரா, பக்கத்துத் தெருவுல இருக்காரான்னு சட்டம் பார்க்கல.

அந்தக் காலத்துல நாகப்பட்டினத்துலிருந்து மலேயாவுக்கு கப்பல் போகும். 1926-ல வந்த ரஜூலா கப்பலை எங்க பக்கத்துப் பெருசுங்க இன்னும் பேர் சொல்லிப் பேசுவாங்க. ஏறினவங்கள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கையளவு நிலமும் கிடையாது. அரைக்காணி, ஒரு காணி வச்சிருந்தவங்க நிலத்தை ஒத்திக்கோ குத்தகைக்கோ விட்டாங்க, இல்லேன்னா அண்ணன் தம்பிகிட்ட ஒப்படைச்சாங்க. கிஸ்திக்கு அங்கேயிருந்து மணியார்டர் வரும்.

சிக்கல் அங்கதான் முளைச்சது. பணம் அனுப்புனவர் கையில ரசீது இல்லை. கட்டுனவர் வீட்டுப் பெட்டியில வருஷா வருஷம் பசலி போட்ட ரசீது சேர்ந்தது. இருபது முப்பது வருஷம் கழிச்சுத் திரும்பி வந்தா, "நான்தானே கட்டுறேன், நான்தானே உழுவுறேன்"னு பேச்சு வரும். கிஸ்தி ரசீது சொத்துக்குப் பத்திரம் ஆகாது. ஆனா அனுபவத்துக்கு அது ஒரு சாட்சி. அடுத்தவன் நிலத்தை எதிரிடையா 12 வருஷம் அனுபவிச்சவன் உரிமை கேட்கலாம்னு சட்டம் இருக்கு. கூட்டுப் பங்காளி கிஸ்தி கட்டுனதால மட்டும் மத்தவர் பங்கு போயிடாதுன்னு கோர்ட்டுகள் சொல்லியிருக்கு. ஆனா அதைச் சொல்ல வைக்கிறதுக்குள்ள ஒரு தலைமுறை கோர்ட் வாசல்ல உக்காந்துடும்.

1980-ல கணக்குப்பிள்ளை, பட்டாமணியார் பதவியெல்லாம் போய் வி.ஏ.ஓ. வந்தாச்சு. 1864 சட்டம் மட்டும் இன்னும் உயிரோட இருக்கு.

இப்ப இன்னொன்னும் சேர்ந்துருக்கு. வெளிநாட்டுலயே குடியிருக்கிற இந்தியர், அன்னியச் செலாவணிச் சட்டப்படி, இங்க புதுசா விவசாய நிலம் வாங்க முடியாது. முன்னாடியே இருந்ததையும் பரம்பரையா வந்ததையும் வச்சுக்கலாம். அதாவது, இருக்கிறதை விட்டா மறுபடி விலைக்கு வாங்கிச் சேர்க்க முடியாது.

அதனால அவன்கிட்ட மூணு வேலை சொன்னேன். பட்டாவை உன் பேருக்கு மாத்து. நம்பிக்கையான ஆளுக்குப் பவர் எழுதிப் பதிவு பண்ணு. கட்டுற ரசீதை வருஷா வருஷம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லு.

"யாருக்குப் பவர் எழுதறது, பெரியப்பா?"ன்னு கேட்டான். "எனக்கு எழுதினாலும் ரசீதைக் கேட்டு வாங்கிக்கடா"ன்னேன். இந்தத் தடவை அவன் சிரிக்கல.