சம்மாங்காரர் கடையும் 1915 ஆம் ஆண்டும்

1915 ஆம் ஆண்டுக் கலவரத்தைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் அதனைப் பௌத்த – முஸ்லிம் மதப்பூசலாகவோ, குடியேற்ற ஆட்சியின் கொடுமைக்கு எடுத்துக்காட்டாகவோ நோக்கியுள்ளனர். தேசியத் தலைவர்களின் வாழ்க்கை வரலாறுகளில் இரண்டாவது நோக்கே மேலோங்கி நிற்கின்றது. இவ்விரு நோக்கிலும் மங்கிப்போகின்றவர்கள், உடைக்கப்பட்ட கடைகளின் சொந்தக்காரர்கள். அவர்களைப் பற்றியே நாம் இங்கு சிறிது ஆராய முற்படுகின்றோம்.

கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி முதலிய ஊர்களிலிருந்து வந்த இம்முஸ்லிம் வணிகரை ஈழத்துத் தமிழர் சம்மாங்காரர் என்றனர். சிங்களவர் ‘ஹம்பயா’ என்றனர். இரு சொற்களும் சம்மான் என்னும் படகின் பெயரடியாகப் பிறந்தன என்பர். அரசாங்க ஏடுகளில் அவர்கள் கரையோரச் சோனகர். 1911 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி அவர்களின் தொகை ஏறத்தாழ 33 ஆயிரமே. நாற்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த நாட்டில் இது மிகச் சிறு தொகை. எனினும் பெருந்தோட்டப் பொருளாதாரம் உள்நாட்டைத் திறந்துவிட்டபோது, காசுப் புழக்கம் புதிதாக எட்டிய சந்திகளிலெல்லாம் அரிசியும் கருவாடும் துணியும் விற்கும் கடையை வைத்தவர்களுள் இவர்கள் முக்கியமானவர்கள். குடும்பத்தை ஊரில் விட்டு, கடைக்குள்ளேயே உண்டு உறங்கி, மிஞ்சியதைக் கடல் கடந்து அனுப்பிய வாழ்க்கை அது.

இக்கடை தன் சொந்தக் காலில் நிற்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. கொழும்புக் கோட்டையிலிருந்த பிரித்தானியச் செலாவணி வங்கிகள் சிறுவணிகனுக்கு நேரே கடன் கொடுப்பதில்லை. சிறாப்பர் எனப்பட்ட இடையாளின் பொறுப்பில் அவை செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் தெருவிலிருந்து அப்பணம் புறக்கோட்டை மொத்த வியாபாரிக்கும், அங்கிருந்து சரக்காக நாட்டுப்புறக் கடைக்கும், கடையிலிருந்து கடன்கொப்பியில் ஒரு வரியாகக் குடியானவனுக்கும் சென்றது. ஒவ்வொரு படியிலும் வட்டியோ இலாபமோ ஏறியது. விளைச்சல் பொய்த்தால் குடியானவன் கொடுக்கமாட்டான். ஆனால் கடைக்காரன் புறக்கோட்டைக்குக் கொடுத்தே ஆகவேண்டும். நெருக்குதல் மேலிருந்து வந்தது, வெறுப்போ கீழிருந்து. இரண்டும் சந்தித்த இடம் அவனுடைய கடைமேசை. கோட்டையிலிருந்த வங்கியின் முகத்தைக் குடியானவன் கண்டதில்லை; நிறுப்பவனின் முகத்தை நாள்தோறும் கண்டான்.

இதே காலத்தில் கரையோரச் சிங்கள வணிகர் இவர்களுடன் போட்டியிடும் நிலைக்கு வளர்ந்திருந்தனர். அவர்களின் வர்க்க நலன் தேசியத்தின் மொழியிற் பேசலாயிற்று. அநகாரிக தர்மபாலாவின் எழுத்துக்கள் இதற்குச் சான்று. இலக்கிய மாணவராகிய எமக்குப் பியதாச சிறிசேன இன்னும் முக்கியமானவர். 1906 இல் வெளிவந்த ‘ஜயதிஸ்ஸ சஹ ரோஸலின்’ நாவலின் ஆசிரியரான அவரே, தமது பத்திரிகை வாயிலாக அந்நிய வணிகரிடம் கொடுக்கல் வாங்கல் வைத்தலாகாது என்று வற்புறுத்தியவர். சிங்கள நாவலின் தொடக்கத்தையும் கடைக்காரரின் போட்டியையும் வேறுவேறு அத்தியாயங்களில் எழுதுவது எமது இலக்கிய வரலாற்றாசிரியரின் வழக்கம்!

1914 இல் மூண்ட போர் விலைகளை உயர்த்தியது. கம்பளையில், பள்ளிவாசலைக் கடந்து பெரஹரா இசையுடன் செல்லும் உரிமை பற்றிய வழக்கில், 1914 இல் தேவாலயத்துக்குச் சாதகமாகக் கிடைத்த தீர்ப்பை 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் மாற்றியது. மே 28 ஆம் திகதி வெசாக் இரவிற் கண்டியில் மோதல் வெடித்தது. சில நாட்களுள் அது கொழும்புக்குப் பரவியது. அங்கு புகையிரதத் தொழிலாளரும் இதிற் பங்குகொண்டனர். ஏறத்தாழ நாலாயிரம் கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன, பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, உயிர்கள் போயின.

குமாரி ஜயவர்த்தனா 1970 இல் வெளியிட்ட கட்டுரை இக்கலவரத்தின் பொருளாதாரக் காரணிகளை முதன்மைப்படுத்திற்று. அதன் வழியே செல்லும் எம்மவருட் சிலர், விலையேற்றத்துக்கெதிரான மக்கள் எழுச்சி என்ற அளவில் இதனை முடித்துவிடுகின்றனர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. பசித்தவன் அரிசிக் கடையை உடைப்பது விளங்கும்; பள்ளிவாசலை அவன் எரித்ததேன்? 1912 இல் வேலைநிறுத்தஞ் செய்த புகையிரதத் தொழிலாளரின் கோபம், மூன்றாண்டுகளில், முதலாளியை விட்டுக் கடைக்காரன்மீது திரும்பியது ஏன் என்ற வினாவைத் தவிர்த்தல் நேர்மையாகாது. ஒடுக்கப்பட்டோரின் கோபம் ஆளும் வர்க்கத்தின் கருத்துக்களாலேயே வழிநடத்தப்படக்கூடும் என்பதற்கு இந்நாட்டில் இது முதலுமன்று, கடைசியுமன்று.

பிரித்தானியர் இராணுவச் சட்டத்தைப் பிறப்பித்து, சிங்களவர்மீது கண்மூடித்தனமாகப் பாய்ந்தனர். பொன்னம்பலம் இராமநாதன் சட்டநிரூபண சபையில் அதனைக் கண்டித்தார். அவரது துணிவு மெச்சத்தக்கதே. ஆயினும் அன்று தோன்றிய சிங்கள – தமிழ் மேட்டுக்குடி ஒற்றுமையில் சூறையாடப்பட்ட கடைக்காரனுக்கு இடம் இருக்கவில்லை.

இன்னொன்றையும் குறிப்பிடல் வேண்டும். 1915 இல் இவர்கள் சட்டப்படி அந்நியரல்லர்; அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே முடியின் குடிகள். 1914 இல் தொடங்கிய தனுஷ்கோடி – தலைமன்னார்ப் போக்குவரத்து இரு கரைகளையும் மேலும் நெருக்கியிருந்தது. சட்டம் அவர்களை அந்நியராக்கியது பின்னரே. 1948 ஆம் ஆண்டின் குடிவரவு, குடியகல்வுச் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, பல்லாண்டு கடை நடத்தியோரும் தற்காலிக வதிவிட அனுமதிக்கு விண்ணப்பிக்கும்படி ஆயிற்று. 1953 ஆம் ஆண்டின் செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஊருக்கு அனுப்பும் பணத்தையும் அனுமதிக்குட்படுத்தியது. 1915 இல் தீ வைக்கப்பட்ட கடைகளிற் பல மீண்டும் திறக்கப்பட்டன. அனுமதி புதுப்பிக்கப்படாத கடைக்காரனோ கணக்கை முடித்துக்கொண்டு தலைமன்னாரிற் கப்பலேற வேண்டியிருந்தது. கடன்கொப்பியில் எஞ்சிய நிலுவையைத் தண்ட அவனுக்கு அவகாசம் இருக்கவில்லை.