கரடிக்கே வெள்ளைக்காரர் விட்ட கரடி!

கரடி என்றதும் டிஸ்கவரி சேனலில் ஆற்றில் நின்று மீன் பிடிக்குமே, அந்தப் பழுப்புக் கரடிதான் பலருக்கு ஞாபகம் வரும். இந்தியாவில் அது இமயமலைப் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. குளிர்காலம் முழுவதும் குகையில் தூங்கிவிடும். தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது வேறு கரடி. கறுப்பு உடம்பு, நெஞ்சில் வெள்ளைக் கோடு, சடை சடையாக முடி. இதற்குக் குளிர்காலத் தூக்கமே கிடையாது. கறையானும் எறும்பும் வருடம் முழுக்கக் கிடைக்கும்போது எதற்குத் தூங்க வேண்டும்?

உத்திரமேரூர் பக்கத்தில் திருப்புலிவனம் என்று ஊர்ப்பெயரிலேயே புலி இருக்கிறது. பாவம், இந்தக் கரடிக்குக் கிடைத்ததோ வேறொரு விலங்கின் பெயர்!

1791ல் ஜார்ஜ் ஷா என்ற இங்கிலாந்து விஞ்ஞானி இதன் நீண்ட நகங்களைப் பார்த்தார். மேல்வரிசையில் நடுப்பற்கள் இரண்டைக் காணோம். உடனே, தென் அமெரிக்காவில் மரத்தில் தலைகீழாகத் தொங்கும் 'ஸ்லாத்' என்ற சோம்பேறிப் பிராணியின் இனம் என்று முடிவு கட்டி, 'பிராடிபஸ் அர்சினஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். அதாவது கரடி மாதிரி இருக்கும் ஸ்லாத்!

1793ல் மேயர் என்ற ஜெர்மானியர் 'மெலர்சஸ்', அதாவது தேன் கரடி என்று மாற்றினார். ஆனால் பழைய பெயரின் பின்பாதி போகவில்லை. இன்றைக்கும் அறிவியல் பெயர் மெலர்சஸ் அர்சினஸ்தான். தமிழில் சொன்னால் 'கரடி போன்ற தேன் கரடி'. (கரடி, கரடி போல இல்லாமல் வேறு எப்படி இருக்குமாம்?) ஆங்கிலத்திலும் 'ஸ்லாத் பேர்' என்றே நிலைத்துவிட்டது.

அந்த நகமும் பல் இடைவெளியும் எதற்கு என்பதுதான் சுவாரஸ்யமான விஷயம். நகத்தால் புற்றை உடைக்கும். மூக்குத் துவாரங்களை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியே கறையானை உறிஞ்சி இழுக்கும். சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். சுமார் 2000 வருடங்களுக்கு முன்பே அகநானூற்றுப் புலவர்கள் இதைக் கவனித்திருக்கிறார்கள். 'எண்கு' புற்றைத் தோண்டிக் குரும்பி (புற்றாஞ்சோறு) தின்பதும், இலுப்பைப் பூவைத் தேடி வருவதும் அவர்கள் பாடல்களில் வருகின்றன. அவர்கள் காட்டில் பார்த்தார்கள். ஷா நகத்தையும் பல்லையும் வைத்து முடிவு செய்தார்.

சோம்பேறி என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. தாய்க்கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டே காடு சுற்றும். புலியையே எதிர்த்து நிற்கும். கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் இது திடீரென எதிரே வந்தால் ஓடித் தப்புவது கஷ்டம். மனிதனை விட வேகமாக ஓடும்.