ஐரோப்பிய ரயில் யாத்திரையும் அதன் கால அட்டவணையும்

ஐரோப்பாவில் நான்கைந்து தேசங்களை ஒரே விடுமுறையில் ரயிலில் சுற்றிவர விரும்புகிறவர், எந்த நாளில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு, எந்த ஜங்ஷனில் வண்டி மாறி, எல்லையை எந்நேரத்தில் கடந்து, இரவுக்கு எங்கே போய்ச் சேருவோம் என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே வகுத்துக்கொள்ளும் சௌகரியம், ரயிலோடு கூடவே பிறந்ததன்று. தண்டவாளங்கள் கண்டமெங்கும் பரவிய பின்னும், அவற்றை ஒரே யாத்திரையாகக் கோத்துத் தரும் கணக்கும் உடன்படிக்கையும் உருவாகப் பல பத்தாண்டுகள் சென்றன. என்ஜினைச் சமைத்தவர்களுக்கும் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்தவர்களுக்கும் சரித்திரத்தில் இடம் கிடைத்திருக்கிறது. கால அட்டவணை தொகுத்தவர்களை நினைப்பவர் அரியர். யாத்திரிகன் என்ற முறையில் நாம் அதிகம் கடன்பட்டிருப்பது அவர்களுக்குத்தான் என்பது என் எண்ணம்.

இத்தொழிலின் ஆதிபுருஷர் என்று மாஞ்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் பிராட்ஷாவைச் சொல்லலாம். தேசப்படங்களை உலோகத்தகட்டில் செதுக்கி அச்சிடுவது அவருடைய ஜீவனம். கால்வாய்களுக்குப் படம் வரைந்த கை, 1839-இல் ரயில்களின் நேரங்களைச் சிறு புத்தகமாக வெளியிட்டது. 1847-இல் ஐரோப்பாக் கண்டத்து ரயில்களுக்கென்றே தனிக் கைடு ஒன்றையும் அவர் பிரசுரித்தார். மற்றவர்கள் பிரயாணம் செய்வதற்காக உழைத்த அம்மனிதர் 1853-இல் தாமே நார்வேக்குப் பிரயாணம் போன இடத்தில் வாந்திபேதி கண்டு இறந்து, அந்நாட்டு மண்ணிலேயே அடக்கமானார்.

நேரம் தெரிந்தால் மட்டும் போதாது, சீட்டும் வேண்டும். மரத்தச்சராகவும் மதப் பிரசாரகராகவும் இருந்த தாமஸ் குக், 1841 ஜூலை 5-ஆம் தேதி லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு மதுவிலக்குச் சபையைச் சேர்ந்த சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயிலில் அழைத்துச் சென்ற கதை பலரும் அறிந்ததே. அதைவிட முக்கியமாக எனக்குத் தோன்றுவது, 1855-இல் ஆண்ட்வெர்ப், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ஹைடல்பெர்க், ஸ்ட்ராஸ்பர்க் வழியாகப் பாரிஸ் கண்காட்சிக்கு ஒரு கூட்டத்தை அவர் நடத்திச் சென்றதும், 1863-இல் சுவிட்ஸர்லாந்துக்கு வழிகாட்டிச் சென்றதுமேயாகும். அந்தச் சுவிஸ் யாத்திரையில் கலந்துகொண்ட ஜெமைமா மோரெல் என்ற யார்க்ஷயர்ப் பெண்மணி எழுதி வைத்த தினக்குறிப்பு, ஒரு நூற்றாண்டு கழித்து அச்சேறியது. அந்நாளில் அம்மலைநாட்டில் ரயில் மிகக் கொஞ்சம். கோச்சு வண்டியும் கோவேறு கழுதையும் கால்நடையுமே மீதி வழிக்குத் துணை. குக் கண்ட உபாயம் யாதெனில், வழியிலுள்ள ஒவ்வொரு ரயில்வே கம்பெனியோடும் தனித்தனியே ஒப்பந்தம் பேசி, அவ்வவற்றின் சீட்டுகளை ஒரே சிறு புத்தகமாகத் தைத்துப் பிரயாணியின் கையில் கொடுத்துவிடுவது. ஓரிடத்தைக் கடந்ததும் ஓர் ஏடு கிழிக்கப்படும். 1868-இல் ஹோட்டல் கூப்பன்களும் வந்தபிறகு, பிரயாணி தன் மொத்தச் செலவையும் புறப்படுமுன்பே கணக்கிட முடிந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய இடையூறு, கடிகாரம். ஒவ்வொரு ராஜ்யமும் தன் தலைநகரத்துச் சூரியனை ஒட்டியே நேரம் வைத்துக்கொண்டிருந்த காலத்தில், கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் நின்ற பிரயாணியின் நிலையை எண்ணிப் பாருங்கள்: லிண்டாவில் மியூனிக் நேரம், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனில் ஸ்டுட்கார்ட் நேரம், கான்ஸ்டன்ஸில் கார்ல்ஸ்ரூஹ நேரம், சுவிஸ் கரையில் பெர்ன் நேரம், ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான கரையின் ரயிலில் பிராகா நேரம் என்று, ஒரே ஏரியைச் சுற்றி ஐந்து விதமான கடிகாரங்கள் ஓடின. படகில் அக்கரை சேர்ந்து ரயில் பிடிக்க வேண்டியவர், இடையே எத்தனை நிமிஷம் கூடும் அல்லது குறையும் என்று மனக்கணக்குப் போட்டுத் தீரவேண்டியிருந்தது. ஜெர்மனி 1893 ஏப்ரல் 1-ஆம் தேதியும், சுவிட்ஸர்லாந்து மறு வருஷமும் மத்திய ஐரோப்பிய நேரத்தைக் கைக்கொண்ட பிறகே இந்தச் சங்கடம் நீங்கிற்று. பிரான்ஸில் வேறொரு வழக்கம் இருந்தது. ரயில் நிலையத்தின் வெளிமுகப்பிலுள்ள கடிகாரம் பாரிஸ் நேரத்தைக் காட்ட, உள்ளே மேடையிலுள்ள கடிகாரம் ஐந்து நிமிஷம் பின்தங்கி ஓடும். பரபரத்து வருகிற பிரயாணிக்கு இரக்கங்காட்டுவதற்காகவே அவ்வாறு வைத்தார்கள். 1911-இல் பாரிஸ் நேரத்தை 9 நிமிஷம் 21 விநாடி பின்னுக்குத் தள்ளி, கிரீன்விச்சின் பெயரைச் சொல்லாமலே அதன் நேரத்தைப் பிரெஞ்சுச் சட்டம் ஏற்றுக்கொண்டபோது அந்த வழக்கமும் மறைந்தது. ஹாலந்து தேசமோ 1940 வரையில் ஆம்ஸ்டர்டாம் நேரத்தை விடவேயில்லை.

கடிகாரங்கள் இவ்வாறு முரண்பட்டு நின்ற அக்காலத்திலேயே, 1873 மார்ச் மாதத்தில், குக்கின் ஸ்தாபனத்தில் வேலைபார்த்த ஜான் பிரெடால் என்பவரின் யோசனைப்படி, கண்டம் முழுவதற்குமான கால அட்டவணையின் முதற் பதிப்பு வெளிவந்தது என்பதை நினைக்கும்போது, அந்தத் தொகுப்பாளர்களின் பொறுமைக்கு முன் தலைவணங்கத்தான் வேண்டும். முதலில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், 1883 முதல் மாதந்தோறும் அது வெளிவந்தது. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு எண். மேலிருந்து கீழாக ஊர்கள். இடமிருந்து வலமாக ரயில்கள். வேலை நாட்களில் மட்டும் ஓடும் வண்டிக்கு இரட்டைச் சுத்தியல் குறி, ஞாயிறு பண்டிகை நாட்களுக்குச் சிலுவைக் குறி எனப் பல தேசத்தாரும் பாஷை தெரியாமலே வாசிக்கத்தக்க அடையாளங்களைப் பிற்காலப் பதிப்புகள் கையாண்டன. ஒரு பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, வண்டி மாறும் ஊரின் அட்டவணையை வேறொரு பக்கத்தில் தேடி, இரண்டு நேரங்களையும் பொருத்திப் பார்க்கும் அந்த வித்தையைக் கற்றுக்கொண்டவர் எவருக்கும், தேசப்படம் உயிர்பெற்று எழுந்துவிடும். யாத்திரையின் இன்பத்தில் ஒரு பாதி அங்கேயே அனுபவமாகிறது என்று நான் துணிந்து சொல்வேன்.

தொகுப்பவர் எழுதுவதற்கு முதலில் ரயில்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஓட வேண்டுமல்லவா? அதற்காக 1872-இல் கொலோன் நகரில் ரயில்வே நிர்வாகங்களின் பிரதிநிதிகள் கூடிய மகாநாடு, பின்னர் வருஷந்தோறும் கூடும் ஐரோப்பியக் கால அட்டவணை மகாநாடாக வளர்ந்தது. எல்லைப்புற நிலையங்களில் எந்த வண்டி எதற்காகக் காத்திருப்பது என்று மந்திரிகளல்ல, ரயில்வே உத்தியோகஸ்தர்களே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். ஒரு தேசத்துப் பெட்டி மற்றொரு தேசத்து என்ஜினோடு பூட்டி ஓடுவதற்கான அளவுகளைப் பெர்ன் நகரத்தில் 1882-லும் 1886-லும் கூடிய மகாநாடுகள் வகுத்தன. அகலத் தண்டவாளம் போட்ட ஸ்பெயின் போன்ற தேசங்கள் அவ்வொற்றுமைக்கு வெளியே நின்றன. ஜெனீவாவிலிருந்து பார்ஸலோனாவுக்கு இடையில் இறங்காமல் போக, அச்சின் அகலம் தானே மாறும் டால்கோ வண்டி வரும் 1969 வரையில் காத்திருக்க நேர்ந்தது. பெல்ஜியத்து ஜார்ஜ் நாகெல்மாக்கர்ஸ் நிறுவிய வாகோன்-லீ கம்பெனியின் சயனப் பெட்டிகளும், 1883 அக்டோபர் 4-ஆம் தேதி பாரிஸிலிருந்து புறப்பட்ட ஓரியண்ட் எக்ஸ்பிரஸும் இத்தகைய ஒப்பந்தங்களின் கனிகளே. ஆனால் அந்த முதல் ஓரியண்ட் எக்ஸ்பிரஸ் கான்ஸ்டாண்டினோபிள்வரை போகவில்லை. பிரயாணிகள் டான்யூப் நதியைப் படகில் கடந்து, மற்றொரு ரயிலில் வார்ணா துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறினர். நேர்ப்பாதை முடிந்தது 1889-இல்.

1914-க்கு முன் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதியில் பாஸ்போர்ட் இல்லாமலே சஞ்சரிக்கலாம். மகாயுத்தத்திற்குப் பிறகு பாஸ்போர்ட்டும் விசாவும் நிலைபெற்றன. யாத்திரைத் திட்டத்தில் தூதராலயங்களுக்கும் ஒரு பங்கு ஏற்பட்டது. 1928-இல் குக்கின் பேரர்கள் தங்கள் ஸ்தாபனத்தை வாகோன்-லீ கம்பெனிக்கே விற்றுவிட்டார்கள். 1939-இல் இரண்டாம் யுத்தம் மூண்டதும் பிராட்ஷாவின் ஐரோப்பியக் கைடு நின்று, மீண்டும் எழவில்லை; குக்கின் அட்டவணை 1946-இல் திரும்ப வந்தது.

யுத்தத்திற்குப் பிந்திய காலத்தின் பெரிய அருங்காரியம் பாஸ்தான். 1959-இல், ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கென்று 13 தேசங்களின் ரயில்வேக்கள் சேர்ந்து யூரெயில் பாஸை வெளியிட்டன. நம் தேசத்தவர் இன்றும் வாங்குவது அதையே. 1972-இல், சர்வதேச ரயில்வே யூனியனின் ஐம்பதாம் ஆண்டு நிறைவை முன்னிட்டு, 21 வயதுவரையுள்ள ஐரோப்பிய இளைஞர்களுக்கு 21 தேசங்களில் ஒரு மாதம் சுற்றத்தக்க இண்டர்ரெயில் சீட்டு வந்தது. அந்த ஒரு வருஷத்துக்கென்று உத்தேசித்த ஏற்பாட்டை இளைஞர்கள் விடவில்லை. வயது வரம்பு படிப்படியாக உயர்ந்து 1998-இல் நீங்கியே போயிற்று. குக்கின் சீட்டுப் புத்தகத்துக்கு முன்கூட்டியே வழியைத் தீர்மானிக்க வேண்டும்; பாஸ் வைத்திருப்பவரோ காலையில் மழை பெய்தால் வெயிலடிக்கும் தேசத்துக்கு வண்டியேறலாம்.

ஷெங்கன் உடன்படிக்கை 1995-இல் அமலுக்கு வந்தபின் அதில் சேர்ந்த தேசங்களுக்கிடையே ரயிலில் பாஸ்போர்ட் சோதிக்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்தது. இந்தியர் ஒரே விசாவில் அத்தேசங்களைச் சுற்றலாம்; ஆனால் அதிக நாள் தங்கப்போகும் தேசத்திடமே மனுச் செய்யவேண்டுமாதலால், நம்மவரின் யாத்திரைக் கணக்கு ரயில் நேரத்திலிருந்தன்று, இரவுகளின் எண்ணிக்கையிலிருந்தே ஆரம்பமாகிறது. குக்கின் ஸ்தாபனம் 2013 ஆகஸ்டு இதழோடு அட்டவணையை நிறுத்திக்கொண்டது. அதைத் தொகுத்தவர்களில் சிலரே தனிக் கம்பெனி கண்டு 2014-இல் அதைத் தொடர்ந்து வெளியிட்டது எனக்கு மிகுந்த ஆறுதல். ஆண்டுதோறும் டிசம்பர் இரண்டாம் சனிக்கிழமை நள்ளிரவில் கண்டம் முழுவதும் புதிய நேரங்கள் அமலுக்கு வருகின்றன; ஆகையால் டிசம்பர் மத்தியைத் தாண்டிப் போகிறவர் பழைய பிரதியை நம்பலாகாது.

நேரம் ஒன்றுபட்டது, பெட்டி ஒன்றுபட்டது, எல்லையும் திறந்தது. சீட்டு மட்டும் பின்னோக்கிப் போய்விட்டதே என்பது என் வருத்தம். லண்டனிலிருந்து பாரிஸ், மிலான் வழியாக ரோமாபுரிக்குப் போகிறவர், குக் காலத்தில் ஒரு புத்தகமாக வாங்கியதை இன்று பெரும்பாலும் துண்டு துண்டாக வாங்குகிறார். பாஸ் இருந்தாலும் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் தேசங்களின் அதிவேக ரயில்களில் ஆசனத்தைத் தனியே பணங்கட்டி ஒதுக்கவேண்டியிருக்கிறது. முதல் வண்டி தாமதித்து இரண்டாவது தவறினால், தனிச்சீட்டு வாங்கினவரை அடுத்த வண்டியில் ஏற்றியே தீரவேண்டுமென்ற சட்டக் கடமை இரண்டாவது கம்பெனிக்கு இல்லை. ஆதலால் லண்டன் வண்டி வந்து நிற்கும் பாரிஸின் வட நிலையத்திலிருந்து மிலான் வண்டி புறப்படும் லியோன் நிலையத்துக்கு மாறுவதற்கு, திட்டம் போடும்போதே ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்கி வைத்துக்கொள்வது நலம்.