வார்ப்புருவுக்குள் வார்ப்புரு

2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது, அண்டையிலிருந்த கண்டனூரும் கோட்டையூரும் பேரூராட்சி என்னும் தகுதியை இழந்து அதனுள் அடங்கின. அலுவலகப் பலகையை மாற்றுவது ஒரு நாள் வேலை. தமிழ் விக்கிப்பீடியாவில் ஓர் ஊரின் தகுதியை மாற்ற எத்தனை இடங்களில் கை வைக்க வேண்டும் என்ற கேள்வியோடு அந்தப் பக்கங்களின் உட்கட்டமைப்பைப் பார்க்கத் தொடங்கினேன். அதில் இருபதாண்டுக்கால வரலாறு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது.

கண்டனூர் போன்றதொரு பக்கம் முழுதாக ஓரிடத்தில் எழுதி வைக்கப்பட்டதன்று. வலப்பக்கத்துத் தகவல் சட்டம் ஒரு வார்ப்புரு. அதன் உள்ளே நிலப்படத்திற்கு ஒரு வார்ப்புரு, ஆயங்களுக்கு ஒன்று. அடியில் மாவட்டத்து ஊர்களைத் தொகுத்துக் காட்டும் பட்டியல் இன்னொன்று. அதுவும் வேறொரு பொதுச் சட்டத்தினுள் பொருத்தப்பட்டது. செட்டிநாட்டு வீட்டில் முகப்பைக் கடந்தால் வளவு, அதைக் கடந்தால் இரண்டாம் கட்டு, பின் மூன்றாம் கட்டு என்று செல்வதைப் போல. தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டவர்களுள் முதன்மையான இ. மயூரநாதன் தொழிலால் கட்டடக் கலைஞர் என்பது இங்கே நினைவுக்கு வருகிறது. யாழ்ப்பாணத்தவர்; ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்தவாறே 2003 முதல் அதற்கு உழைத்தவர். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

‘வார்ப்புரு’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வார்த்தல் என்றால் அச்சில் ஊற்றுதல். காரைக்குடியை அடுத்த ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் முறை எல்லோரும் அறிந்தது: கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். கல் ஆறியபின் அச்சை உடைத்தாலும் வளைத்தாலும் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. கணினி வார்ப்புரு அப்படியன்று. அச்சை மாற்றினால் அதில் ஏற்கெனவே வார்த்த கற்களெல்லாம் மாறிவிடும். அழகான சொல்தான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பொருளின் உயிர்நிலையை அது மறைத்துவிடுகிறது. பக்கம் வார்ப்புருவின் நகலை எடுத்துக்கொள்வதில்லை. அதன் பெயரைச் சொல்லி அழைக்கிறது, அவ்வளவே.

இரட்டை நெளிவு அடைப்புக்குறிக்குள் பெயரை இட்டு அழைக்கும் இந்த முறை, மதிப்புகளைத் தந்து நிரப்பும் வசதியோடு, 2004இல் வெளியான மீடியாவிக்கி 1.3இல் வந்தது. தமிழ்மணத்தின் கருவிப்பட்டையை ப்ளாக்கர் அடைப்பலகையில் ஒருமுறை ஒட்டி, பழைய இடுகைகள் உட்பட எல்லாவற்றிலும் அது முளைத்ததைக் கண்டு வியந்தவர்களுக்கு இதன் சுவை தெரியும். விக்கியில் கூடுதலாக ஒன்று இருந்தது: வார்ப்புரு இன்னொரு வார்ப்புருவை அழைக்கலாம். ஆர்வலர்கள் அதை எல்லை வரை இழுத்தார்கள். ‘இம்மதிப்பு தரப்பட்டிருந்தால் இதைக் காட்டு’ என்று சொல்ல மொழியில் வழியில்லாததால், வார்ப்புருக்களை ஒன்றுக்குள் ஒன்று செருகியே அந்த ‘என்றால்’ என்பதை உண்டாக்கினார்கள். உள்ளே ஒன்றைத் திருத்தினால் ஆயிரக்கணக்கான பக்கங்களை வழங்கி மீண்டும் தொகுக்க வேண்டும். ஆகவே 2005இல் ஆங்கில விக்கியில், வார்ப்புருவுக்குள் வார்ப்புரு கூடாது என்றொரு விதியை வலியுறுத்திப் பெருஞ்சண்டை நடந்தது. வழங்கியின் சுமையைப் பற்றிய கவலை கொள்கை வகுப்பவர்களுக்கு உரியதன்று என்று தலைமை நிரலாளர் பிரையன் விப்பர் 2006 தொடக்கத்தில் சொல்லி அதைத் தணித்தார். அவ்வாண்டே டிம் ஸ்டார்லிங் ‘என்றால்’ என்பதை முறையான செயற்கூறாக எழுதித் தந்தார். 2013இல் பிரேசிலில் பிறந்த லுவா மொழி வந்து பெருஞ்சிக்கல்களைத் தன்னிடம் வாங்கிக்கொண்டது.

இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்களைக் கொண்டு தமிழகத்து ஊர்களுக்கான கட்டுரைகள் மொத்தமாக உருவாக்கப்பட்டன. மக்கள்தொகை, ஆண் பெண் விழுக்காடு, எழுத்தறிவு என்று ஊர் தோறும் அதே வாக்கியங்கள். எண்கள் மட்டும் வேறு. எழுத்தறிவை ஒப்பிட அவ்வாக்கியங்களில் இந்திய சராசரியாக 59.5 விழுக்காடு என்று இடப்பட்டது. ஆங்கிலப் பக்கங்களிலும் இதே எண்தான். 2001 கணக்கெடுப்பின் அதிகாரபூர்வ எழுத்தறிவு விகிதமோ, ஏழு வயதுக்கு மேற்பட்டோரிடையே, ஏறத்தாழ 64.8. அதனைவிடத் தாழ்ந்த எழுத்தறிவு உள்ள ஊர்கூட ‘சராசரியைவிடக் கூடியது’ என்ற பாராட்டைப் பெற்றுவிடலாம். அந்த வாக்கியம் அழைக்கப்பட்டிருந்தால் ஒருவர் ஒருமுறை திருத்தினால் போதும். அது ஒட்டப்பட்டது, ஆத்தங்குடிக் கல்லைப் போல ஊருக்கு ஊர் தனித்தனியே ஆறி இறுகிவிட்டது. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திருத்தப்பட, மற்றவை நின்றுவிட்டன.

மறுபக்கமும் உண்டு. 2014 செப்டம்பர், 2015 மே, 2016 டிசம்பர், 2017 பிப்ரவரி என மூன்றாண்டுக்குள் நான்கு முறை தமிழகத்தில் முதலமைச்சர் மாறினார். முதல்வர் பெயரை ஊர்ப் பக்கம் ஒவ்வொன்றிலும் எழுதி வைத்திருந்தால் திருத்துவோர் கதி என்னவாகியிருக்கும்! ஓரிடத்தில் வைத்து அழைத்தால் ஒரு சொல் திருத்தம். ஆனால் அந்த ஓரிடத்தைக் குறும்பர் ஒருவர் கெடுத்தாலும் எல்லா ஊர்களும் சேர்ந்தே கெடும்; எனவே அதிகம் அழைக்கப்படும் வார்ப்புருக்களைப் பூட்டி வைக்கும் வழக்கம் வந்தது. பொதுவளவுக்குச் சாவி சிலர் கையில் என்பது போல. யாரும் தொகுக்கலாம் என்று தொடங்கிய இடத்தில் இந்தப் பூட்டு எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தமிழ் எழுதத் தெரிந்த பலர் கட்டுரையின் உடலைத் தொடுவார்கள். நெளிவு அடைப்புக்குறிகளைக் கண்டதும் பின்வாங்குவார்கள். லுவா வந்தபின் அவ்வாசல் இன்னும் ஒடுங்கியது.

கண்டனூருக்கு வருவோம். அடியிலுள்ள மாவட்டப் பட்டியலில் பேரூராட்சி வரிசையிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டால், அந்தப் பட்டியலை அழைக்கும் பக்கங்கள் அனைத்திலும் அது விலகிவிடும். தகவல் சட்டத்தில் ‘வகை’ என்ற வரியை அந்தப் பக்கத்திலேயே மாற்ற வேண்டும். முதற்பத்தியில் உரைநடையாக எழுதப்பட்ட ‘பேரூராட்சி’யையும், அண்டை ஊர்களின் கட்டுரைகளில் போகிற போக்கில் சொல்லப்பட்ட ‘கண்டனூர்ப் பேரூராட்சி’களையும் யாராவது உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தேடித்தான் திருத்த வேண்டும்.